கல்யாண மண்டபத்தில் ஸ்க்ரப்பர் மெஷின்: வாங்கினால் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

ஈரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை நிர்வாகம் செய்கிறேன். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே கல்யாண ஹால். கூடத்தில் வெட்ரிஃபைடு டைல்ஸ், ஹாலில் பாலிஷ் போட்ட கிரானைட், நடைபாதையில் கோட்டா கல். இவ்வளவுக்கும், தரையைத் தேய்த்து அழுக்குத் தண்ணீரையும் உறிஞ்சுகிற ஒரே ஒரு பேட்டரி ஸ்க்ரப்பர் மெஷின் சில வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து ஊர் மண்டபக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மோட்டார் எத்தனை வாட்ஸ்? பிரஷ் எத்தனை இன்ச்?" இரண்டும் தேவைதான். ஆனால் இந்த மெஷினின் உயிர் பிரஷ்ஷில் இல்லை, பின்னால் தரையை ஒட்டித் தொங்குகிற ரப்பரில் இருக்கிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். ரிசப்ஷன் கடைசிப் பந்தி எழுந்திருக்க ராத்திரி 11 மணி ஆகிவிடும். விடியற்காலை 6 மணிக்கு டிபன் பந்தி. நடுவில் சமையல்காரர்கள் காய் நறுக்க அதே கூடத்துக்குள்தான் வந்து உட்காருவார்கள். தரையைத் தேய்த்துக் கழுவுவது ஒரு பாடே இல்லை. நாலு பேர், நாலு பிரஷ், ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர் போதும். கழுவிய தண்ணீரை வெளியே தள்ளி, தரையைக் காயவைப்பதுதான் பாடு. வைப்பர் போட்டு எவ்வளவு இழுத்தாலும் டைல்ஸ் இடுக்கில் ஈரம் நிற்கும். பட்டுப்புடவையோடு வருகிறவர்கள் அதில் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எங்களிடம் இருந்தது சிங்கிள் டிஸ்க் மெஷின். ஒற்றை வட்டப் பிரஷ், நீளக் கைப்பிடி, ஒயர். கைப்பிடியைச் சற்றுத் தூக்கினால் வலப்பக்கம் ஓடும், தாழ்த்தினால் இடப்பக்கம் ஓடும். பழகாதவர் கையில் கொடுத்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும். தேய்ப்பில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, இன்றைக்கும் பிசுக்குப் பிடித்த சமையற்கட்டுத் தரைக்கு அதைத்தான் எடுக்கிறோம். ஆனால் அது தேய்க்க மட்டும்தான் செய்யும், தண்ணீரை எடுக்காது. பின்னாலேயே இரண்டு பேர் வைப்பரோடு நடக்க வேண்டும்.

ஸ்க்ரப்பர் டிரையர் என்கிற மெஷின் இந்த இரண்டு வேலையையும் ஒரே நடையில் முடிக்கிறது. ஒரு டேங்கில் நல்ல தண்ணீரும் கொஞ்சம் கிளீனரும். அது பிரஷ்ஷுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும். பிரஷ் தேய்க்கும். பின்னால் வளைவாக ஸ்குவீஜி என்று ஒரு பட்டை, அதில் முன்னும் பின்னும் இரண்டு ரப்பர் பிளேடு. முன் பிளேடில் வெட்டுகள் இருக்கும், அழுக்குத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும். பின் பிளேடு முழுசாக இருக்கும், தண்ணீரை வெளியே விடாது. நடுவில் தேங்குவதை வேக்யூம் மோட்டார் உறிஞ்சி இன்னொரு டேங்கில் கொட்டும். எல்லாம் சரியாக இருந்தால் மெஷின் போன தடத்தில் ஐந்து நிமிஷத்தில் காலை வைக்கலாம். பின் பிளேடில் ஒரு மயிரிழை வெட்டு விழுந்தால் போதும், கூடம் முழுக்க மெஷின் பின்னாலேயே ஒரு ஈரக்கோடு வரும்.

அதனால் டெமோ கேட்கும்போது ஷோரூமுக்குப் போகாதீர்கள். சுத்தமான தரையில் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும். ஒரு விசேஷம் முடிந்த ராத்திரி உங்கள் கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நேராக ஓட்டிக் காட்டுவதை விட்டுவிட்டு, யூ டர்ன் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். திரும்புகிற இடத்தில் ஸ்குவீஜியும் கூடவே திரும்பித் தண்ணீரை எடுக்கிறதா, இல்லை அரைவட்டமாகத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுப் போகிறதா? விற்கிறவர் எவ்வளவு பேசினாலும் அந்த அரைவட்டம் பொய் சொல்லாது. டைல்ஸ் இடுக்கு ஆழமாக இருக்கிற தரையிலும் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள்.

அடுத்து அழுக்குத் தண்ணீர் டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். முழங்கை வரை போகவில்லையென்றால் அந்த மெஷின் மண்டபத்துக்கு ஆகாது. ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் டேங்குக்குள் வருவது வெறும் தூசித் தண்ணீர். நமக்கு வருவது ரசம், மோர், பாயசம். ஒரு ராத்திரி அப்படியே விட்டால் மறுநாள் மூடியைத் திறக்க முடியாது, அவ்வளவு நாற்றம். வேலை முடிந்ததும் வடித்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, மூடியைத் திறந்தே காயவிட வேண்டும். வேக்யூமை நிறுத்துகிற மிதவை ஒன்று உள்ளே இருக்கும், அதில் ஒட்டியிருக்கிற பிசுக்கையும் துடைக்க வேண்டும்.

பிரஷ் அகலத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 500 மில்லிமீட்டர் பிரஷ், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்றால் காகிதத்தில் மணிக்கு 2000 சதுர மீட்டர். கேட்டலாக்கில் அதைத்தான் போடுவார்கள். ஒரு தடத்தின் மேல் கொஞ்சம் ஏற்றி அடுத்த தடம் ஓட்ட வேண்டும், திரும்ப வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும். அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். அதைவிட முக்கியம், ஸ்குவீஜி எப்போதும் பிரஷ்ஷைவிட அகலம். வரிசை வரிசையாக மேஜைகளைத் தரையோடு பதித்துவைத்திருக்கிற மண்டபம் என்றால் நடுப்பாதையை டேப் வைத்து அளந்து, ஸ்குவீஜி அகலத்தோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் ஆர்டர் கொடுங்கள். எங்களுடையது மடக்கு மேஜை, அதனால் தப்பித்தோம்.

ஒயர் மாடல் விலை குறைவு, பேட்டரி மாற்றுகிற செலவும் கிடையாது. சின்ன மண்டபத்துக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஈரத்தரையில் 230 வோல்ட் ஒயரை இழுத்துக்கொண்டு நடக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகிற ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாமல் ஓட்டவே வேண்டாம். பேட்டரி மாடலில் இந்தப் பயம் இல்லை, ஆனால் எடை இருக்கிறது. பேட்டரியும் தண்ணீரும் சேர்ந்தால் 100 கிலோவுக்கு மேல் போய்விடும். எங்களிடம் சாமான் லிஃப்ட் இருப்பதால் மேல் ஹாலுக்குப் போகிறது. லிஃப்டோ சரிவுப் பாதையோ இல்லையென்றால் வாங்கிய தளத்திலேயே அது குடியிருக்கும்.

மெஷின் வந்த புதிதில் எங்கள் துப்புரவு அக்கா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஏனுங்க தம்பி, கூட்டறதையும் நாமளே கூட்டோணும்னா இந்த மிசினு எதுக்குங்க?" நியாயமான கேள்வி. இந்த வகை மெஷின் கூட்டாது. சோற்றுப் பருக்கை, முருங்கைக்காய்ச் சக்கை, வாழையிலைக் கிழிசல் எதுவும் தரையில் இருக்கக் கூடாது. ஒரு இலைத் துணுக்கு ஸ்குவீஜி அடியில் மாட்டினால் அந்த இடத்தில் பிளேடு தூக்கிக்கொள்ளும், தண்ணீர் கோடாக வழியும். மேல் ஹாலில் இதைவிட மோசமான எதிரி மாலை கட்டிய நார். பிரஷ்ஷின் அச்சிலும் சின்ன சக்கரங்களிலும் சுற்றிக்கொண்டு, வெளியே தெரியாமல் இறுகிவிடும். மெஷின் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் சாய்த்துப் பார்த்து, கத்தியால் நாரை அறுத்து எடுப்போம். உருளைப் பிரஷ் வைத்த மாடல்கள் சின்னக் குப்பையை ஒரு தட்டில் தாமாகவே அள்ளும். ஆனால் நார் விஷயத்தில் அவையும் விதிவிலக்கில்லை.

பாயசம் கொட்டிக் காய்ந்த இடத்தில் ஒரே நடையில் ஓட்டினால் பிசுபிசுப்பு போகாது. ஸ்குவீஜியைத் தூக்கிவிட்டு, தண்ணீரும் பிரஷ்ஷும் மட்டும் விட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். ஐந்து நிமிஷம் ஊறட்டும். அப்புறம் ஸ்குவீஜியை இறக்கி இரண்டாவது தடவை. நெய்யும் எண்ணெயும் சிந்திய இடத்துக்கும் இதே முறைதான். மஞ்சளும் குங்குமமும் கொட்டிய இடத்தை மட்டும் மெஷினுக்குக் கொடுக்கவே கூடாது. காய்ந்த துணியால் முதலில் அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீர் பட்டால் பிரஷ் அதைக் கூடம் முழுக்கப் பூசிவிடும். காரத்தன்மை (ஆல்கலி) உள்ள கிளீனர் பட்டால் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்து சிவக்கிற அதே சங்கதிதான். அதைப் பார்த்துவிட்டு டைல்ஸ் கெட்டுப்போச்சு என்று ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. கோட்டா கல்லும் மார்பிளும் ஆசிட் பட்டால் மெருகு போய்விடும், மறுபடி பாலிஷ் போடாமல் திரும்ப வராது.

பிரஷ்ஷுக்குப் பதிலாக மாட்டுகிற வட்டமான நார்த் தட்டுக்குப் பேடு என்று பெயர். பேடுகளுக்கு நிறத்தில் ஒரு முறை உண்டு. வெள்ளை மெருகுக்கு, சிவப்பு லேசான சுத்தத்துக்கு, நீலம் தேய்ப்புக்கு, பச்சை கடும் தேய்ப்புக்கு, கறுப்பு பழைய பூச்சை உரித்தெடுக்க. கிரானைட்டுக்குச் சிவப்போடு நிறுத்திக்கொள்கிறோம். இடுக்கு உள்ள டைல்ஸுக்குப் பேடைவிட நைலான் பிரஷ்தான் சரி.

கடையில் விற்கிற சோப்பு ஆயில், துணித்தூள் இதெல்லாம் டேங்கில் ஊற்றக் கூடாது. நுரை வராத கிளீனர் என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா சோப்பு அழுக்குத் தண்ணீர் டேங்கில் நுரைத்துப் பொங்கும். டேங்க் நிரம்பாமலேயே மிதவை ஏறி வேக்யூம் நின்றுவிடும், இல்லையென்றால் நுரை மோட்டாருக்குள் போய்விடும். ஆட்களுக்கோ நுரை வராவிட்டால் தரை சுத்தமானதாக மனசு ஒப்பாது. கிளீனர் கேனை நான் ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருக்கிறேன், அளவுக் கப்போடு.

பிளேடு விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். பெரும்பாலான பிளேடுகளுக்கு நாலு முனை உண்டு. ஒரு முனை தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டலாம். இது தெரியாமல் ஒரு முனை தேய்ந்ததுமே புதுசு வாங்கிக்கொண்டிருந்த மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன். நெய், எண்ணெய் புழங்குகிற தரைக்குச் சாதா ரப்பரைவிட பாலியூரித்தேன் பிளேடு தாங்கும். ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி நெளிந்துவிடும். வேலை முடிந்ததும் ஸ்குவீஜியைத் தரையில் இறக்கியபடியே நிறுத்தினால் பிளேடு ஒரு பக்கமாக வளைந்து அப்படியே நின்றுவிடும். தூக்கி வைத்து, ஈரத்துணியால் முனையை ஒரு இழு இழுத்துத் துடைத்தால் போதும். எந்த இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

பேட்டரி, தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட் வகை. முழுசாகச் சார்ஜ் ஆனபிறகுதான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். ஆடி, மார்கழி மாதங்களில் முகூர்த்தம் இல்லை என்று மெஷினை மூலையில் போட்டுவிடுகிறார்கள். இறங்கிய சார்ஜோடு கிடந்தால் பேட்டரித் தகட்டில் சல்பேட் படிந்து, தையில் எழுப்பினால் அரை மணி நேரம்கூட ஓடாது. விசேஷம் இல்லாத மாதத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுகிறோம், ஜன்னலைத் திறந்துவைத்து. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் இறங்குகிற வால்விலும் சல்லடையிலும் வெள்ளையாகப் படிந்து, ஒரு நாள் பிரஷ் காய்ந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. சல்லடையைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போட்டதும் சரியானது. இப்போது மெஷினுக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீர் தொட்டியிலிருந்து பிடிக்கிறோம். கறுப்பு கிரானைட்டில் படிகிற வெள்ளை மங்கலும் அதோடு போய்விட்டது.

சர்வீஸ் பற்றி நிறையப் புலம்பலாம், சுருக்கிவிடுகிறேன். நான் வாங்கிய டீலரின் பெயர் வேண்டாம். வேக்யூம் மோட்டாரில் கார்பன் பிரஷ் (தரை தேய்க்கிற பிரஷ் இல்லை, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்துகிற கரித்துண்டு) தேய்ந்து நின்றபோது, "பார்ட் வரணும் சார்" என்று ஒரு முகூர்த்த சீசன் முழுக்க இழுத்தடித்தார்கள். அதற்குள் இங்கே ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்காரரே சரியான அளவில் கார்பன் பிரஷ் போட்டுக் கொடுத்துவிட்டார். கேர்ச்சர், நில்ஃபிஸ்க், டென்னன்ட் என்று வெளிநாட்டுப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. கோயம்புத்தூரிலேயே ரூட்ஸ் மல்டிக்ளீன் இருக்கிறது. எந்தப் பெயராக இருந்தாலும் பிளேடு, கார்பன் பிரஷ், வால்வு மூன்றும் உங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் தூரத்தில் ஸ்டாக் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கும்போதே ஒரு செட் பிளேடைப் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பேரம் படியும்.

மணமேடைப் படி, தூண் அடி, சுவர் ஓரம், கை கழுவுகிற இடம் எல்லாம் இன்றைக்கும் மாப்பும் கையும்தான். சூயிங்கம்மையும் மெழுகையும் பெயிண்டர்களின் பட்டி பிளேடால் சுரண்டுகிறோம். ஆள் குறையும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். எங்களிடம் ஒருவர்கூடக் குறையவில்லை. முன்பு ராத்திரி 2 மணி வரை வைப்பர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது 12:30-க்குப் படுக்கிறார்கள். மெஷினை ஓட்டுவது அந்த அக்காதான். வேறு யாரையும் தொட விடுவதில்லை. தார் உருக்குகிற வெயிலிலும் பிளேடைக் கழற்றி நிழலில் காயப்போட அவர்தான் ஞாபகமாக இருக்கிறார். அடுத்த மெஷின் வாங்கும்போது டெமோவில் யூ டர்ன் அடிக்கப்போவதும் அவர்தான்.