டிராகன் ஓவியத் தொகுப்பு: அச்சு அருமை, மடிப்பில்தான் கோளாறு

சீன, பாரசீக, ஐரோப்பிய டிராகன்களை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். சீனப் பகுதிக்காகவே வாங்கலாம். 1244-இல் சென் ரோங் தீட்டி, இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஒன்பது டிராகன்கள்’ சுருள், வெளிறிய சாம்பல் நிறம் வரை துல்லியமாக அச்சாகியிருக்கிறது. மேகத்துக்கும் செதிலுக்கும் நடுவே கோடு கிடையாது. மை நீர்த்துக்கொண்டே போக, உடல் மறைகிறது. மட்டமான அச்சில் அந்த இடம் கறுப்புத் திட்டாகிவிடும். இதில் அப்படி ஆகவில்லை, அதுவே பெரிய விஷயம்.

ஆனால் சுருளை இரண்டிரண்டு பக்கமாக வெட்டி, பசை பைண்டிங் போட்டுவிட்டார்கள். புத்தகம் தட்டையாக விரியாது. ஒரு டிராகனின் முகம் பாதி நடுமடிப்புக்குள் போய்விட்டது. தையல் பைண்டிங்கும், மடித்து விரிக்கும் நீளத்தாளும் கட்டாயம் வேண்டும்.

ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளின் தங்கத் தகடு, நான்கு வண்ண அச்சில் பழுப்பாகத் தெரிகிறது. ஐந்தாவதாக உலோக மை ஓட்டியிருந்தால் மின்னியிருக்கும். யானையைச் சுற்றி நெரிக்கும் டிராகன் படத்தில் இந்தக் குறை உறுத்துகிறது.

குறிப்புகளில் ஒரு திருத்தம் தேவை. இரண்டு கால் இருந்தால் ‘வைவர்ன்’ என்று பிரிப்பது பிற்கால பிரிட்டிஷ் மரபுச்சின்ன (கேடயங்களில் வரையும் குடும்பச் சின்னங்கள்) வழக்கு. இடைக்கால ஓவியர்களுக்கு அதுவும் டிராகன்தான். பாரசீகப் பக்கங்கள் குறைவு, அளவும் சிறிது.