60,000 கி.மீ. தாண்டிய டூரிங் பைக்: எது தாங்குகிறது, எது கைவிடுகிறது

நெடுந்தூரப் பயணத்துக்கு பைக் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். எத்தனை சி.சி., எத்தனை குதிரைசக்தி, கடைசி கியரில் எவ்வளவு போகும். 60,000 கி.மீ. ஓடிய வண்டியைப் பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. ஆயிலை நேரத்துக்கு மாற்றிய இன்ஜின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நடுவழியில் நிறுத்தியது செயினாக இருக்கும், சக்கர பேரிங்காக இருக்கும், கிளட்ச் கேபிளின் நுனியாக இருக்கும், பேட்டரி டெர்மினலில் தளர்ந்துபோன ஒரு சின்ன ஸ்க்ரூவாக இருக்கும். அதனால் இங்கே இன்ஜினுக்குக் கொஞ்சம் இடம்தான். கீழே வரும் அளவுகள் நடுத்தர எடையுள்ள டூரிங் பைக்குகளுக்கு வழக்கமானவை. உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் மேனுவல் சொல்வதே சரி.

செயின், தளர்ந்து கெட்டதைவிட இறுக்கிக் கெட்டதே அதிகம். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஏறும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) வண்டியோடு இணையும் பிவட், பின் ஆக்சில் (சக்கர அச்சு) மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில்தான் செயின் அதிகபட்சமாக இழுபடும். வெறும் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது இவை நேர்கோட்டில் இருக்காது. பின்னால் ஒருவர் ஏறி, இரண்டு பக்கமும் பெட்டி தொங்கி, வேகத்தடையில் ஷாக் அமுங்கும்போதுதான் அந்த நிலை வரும். ஸ்டாண்டில் ‘கிண்’ணென்று இருக்கும்படி செயினை முறுக்கி வைத்திருந்தால், அந்த இழுப்பெல்லாம் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பேரிங்குக்கும் பின் ஹப் பேரிங்குக்கும் போய்ச் சேரும். முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றிப் பாருங்கள். சீல் ஓரத்தில் ஆயில் கசிந்து கறுத்திருந்தால் இப்படி இறுக்கி ஓட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாலை வகை பைக்குகளுக்குத் தொய்வு 25 முதல் 35 மி.மீ.; சஸ்பென்ஷன் உயரமான அட்வெஞ்சர் வகைகளுக்கு 35 முதல் 45, சிலவற்றுக்கு அதற்கும் மேல். ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் எண் இருக்கும். சைடு ஸ்டாண்டில் வைத்து அளக்கச் சொல்கிறதா, சக்கரத்தைத் தூக்கி அளக்கச் சொல்கிறதா என்பதையும் படியுங்கள், இரண்டுக்கும் அளவு மாறும். கீழே ஓடும் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் தள்ளி அளக்க வேண்டும்.

ஓடிய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே மிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்தே தொய்வை அமைக்கவும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் போட்டிருக்கும் கோடுகள் எல்லா வண்டியிலும் துல்லியமாக இருப்பதில்லை. பிவட் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இருபுறமும் டேப் வைத்து அளந்து பார்ப்பது நல்லது. வேலை கெடுவது பெரும்பாலும் கடைசியில்தான். நட்டை முறுக்கும்போது ஆக்சில் ஒரு நூல் நகரும், தொய்வும் மாறிவிடும். அதற்கு ஒரு கைவேலை இருக்கிறது. இன்ஜின் அணைந்து, நியூட்ரலில் இருக்கட்டும். சுருட்டிய துணியை, கீழ்ச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் இடத்தில் கொடுத்து, சக்கரத்தை முன்னோக்கி மெல்லத் திருப்புங்கள். துணி சிக்கிக்கொண்டு ஆக்சிலை அட்ஜஸ்டரோடு ஒட்டி இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையிலேயே நட்டை இறுக்கி, துணியை எடுத்துவிட்டு, மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள். பல வண்டிகளில் இந்த நட்டின் டார்க் (முறுக்கும் விசை) 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். ஸ்பிளிட் பின் இருந்தால் பழையதையே நிமிர்த்திப் போடாமல் புதியது போடவும்.

செயினுக்கு ஆயில் 500 முதல் 800 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓடியிருந்தால் அன்று மாலையே. ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின்களில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் தேவையான கிரீஸ் தயாரிப்பிலேயே உள்ளே அடைக்கப்பட்டிருக்கும். வெளியே நாம் விடும் ஆயில் ரோலருக்கும், துருப்பிடிக்காமல் இருக்கவும், ரப்பர் காய்ந்துபோகாமல் இருக்கவும்தான். எனவே பெட்ரோல் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்ப்பது செயினின் ஆயுளை நாமே குறைத்துக்கொள்வது. ரப்பர் போனால் கிரீஸும் போயிற்று. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். துடைத்து உலர்ந்தபின் 80டபிள்யூ-90 கியர் ஆயிலைச் செயினின் உட்புறமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஓடி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் இரவுக்குள் ஊறிவிடும். ஸ்டாண்டில் போட்டு, கியரில் சக்கரத்தை ஓடவிட்டுக்கொண்டே துடைக்கிறவர்கள் உண்டு. விரல் வேண்டும் என்றால் அது வேண்டாம்.

தேய்மானம் பார்க்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரிந்தால் முடிந்தது. துல்லியம் வேண்டுமென்றால் டேப் போதும்: 520, 525, 530 என்ற செயின் அளவுகள் மூன்றுக்கும் பிட்ச் (அடுத்தடுத்த பின்களின் இடைவெளி) 15.875 மி.மீ., ஆக முதல் பின்னின் மையத்திலிருந்து 21-வது பின்னின் மையம் வரை புதிதில் 317.5 மி.மீ. இழுத்துப் பிடித்து அளக்கும்போது 320.7 தாண்டினால் 1 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றுவதற்குத் தயாராகுங்கள். செயினை மட்டும் மாற்றிப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் போட்டால், கொக்கியாக வளைந்த பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் என மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயினின் இரு முனையையும் இணைக்கக் கிளிப் லாக் போடுவதானால் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயின் கழன்றிருக்கும் அந்த நேரத்தில் பின் ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் ஹப் ரப்பர் (ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதிர்வைத் தாங்குவது) செத்துவிட்டது. ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடும்போது வரும் அந்த ‘டக்’கென்ற உதறலுக்கு, செயினைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

டயரில் காற்று என்பது குளிர்ந்த டயரில் பார்க்கும் அளவு. காலையில் புறப்படும் முன், சொந்த கேஜில். தனியாகப் போகும்போது பின்னால் 32 என்றால், ஆளும் சுமையும் ஏறியதும் 36 முதல் 42 பி.எஸ்.ஐ. வரை மேனுவல் கேட்கும். ஓடி நிறுத்தியதும் இன்னொரு முறை பாருங்கள். குளிரில் 36 இருந்தது சூட்டில் 39 ஆகியிருந்தால் சரி. 10 சதவீதத்தைத் தாண்டி ஏறியிருந்தால் டயர் தேவைக்கு மேல் நெளிந்து சூடாகிறது, அதாவது காலையில் காற்று குறைவாக இருந்திருக்கிறது. சூட்டில் அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது தப்பான வைத்தியம்.

நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகிவிடும். பள்ளம் இன்னும் 2 மி.மீ. இருந்தாலும், வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பு தடுக்கும். வண்டி தயங்கி, பிறகு சட்டென்று விழுவதுபோல் இருக்கும். நீண்ட பயணத்துக்கு முன் 2 மி.மீ. மட்டுமே மிச்சம் என்றால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்கவும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் கயிறு பிளக் போதும், ஆனால் ஓடும் பரப்பில் மட்டும்; பக்கச் சுவரில் கிழிந்திருந்தால் பிளக் போட்டு ஓட்டாதீர்கள். சின்ன கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று பெரிய பின் டயருக்குப் பத்தாது. பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்ரசர்தான் நிம்மதி.

சுமை கட்டுவதில் ஒரே விதி: கனமானது கீழே, சீட்டுக்குப் பக்கத்தில். டாப் பாக்ஸ் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குகிறது; அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கும். பல ரேக்குகளுக்கு 5 கிலோதான் வரம்பு, அதில் பெட்டியின் எடையும் சேர்த்தியா என்று பார்க்கவும். வேகத்தில் ஹேண்டில் மெல்ல நெளிய ஆரம்பித்தால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கும் வேண்டாம். கையைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறையுங்கள். பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) சுமைக்கு ஏற்றவில்லை என்றால் பின்புறம் தாழ்ந்து, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எதிரே வருகிறவர் லைட்டை அணைத்து அணைத்துக் காட்டுவது பல நேரம் இதற்காகத்தான். ரேக் போல்ட்டுகளுக்கு நீல நிற த்ரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, முதல் 500 கி.மீ.யில் மறுபடி ஸ்பேனர் வையுங்கள்.

கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) பற்றி யாரும் பேசுவதில்லை. வளைவே இல்லாத சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது, பந்துகள் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி, கிண்ணத்தில் சிறு பள்ளம் விழும். முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேர் நடுவில் ‘க்ளிக்’கென்று ஒரு குழியில் உட்காருவதுபோல் தெரிந்தால் அது போயிற்று. இறுக்கிப் பார்ப்பது வீண், மாற்றத்தான் வேண்டும். உருளை பேரிங் செட் கிடைத்தால் அதையே போடுங்கள். சக்கர பேரிங்குக்கு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினாலே தெரியும். பிரஷர் வாஷரை ஹப்பின் சீலுக்கு நேராகக் காட்டுவதை நிறுத்தினாலே அது இன்னும் பல காலம் உழைக்கும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கும். நீண்ட மலையிறக்கத்தில், முழுச் சுமையோடு, பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்த 155 அவ்வளவு தொலைவில் இல்லை. லீவர் திடீரென்று பஞ்சு மாதிரி அமுங்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றம், இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துதல். டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றாதீர்கள். பேட் தேய்ந்ததால் குறைந்திருக்கும், முதலில் பேடைப் பாருங்கள்.

கிளட்ச் கேபிள் அறுவது பெரும்பாலும் லீவருக்குள் இருக்கும் நுனியில்தான். ஒரு இழை பிரிந்து நின்றாலே நாள் எண்ணத் தொடங்கியாயிற்று. புதுக் கேபிளை பழையதின் பக்கத்திலேயே அதே வழியில் ஓட்டி, டேப் சுற்றி வைத்துவிடுங்கள். நடுவழியில் டேங்கைக் கழற்றும் வேலை மிச்சம்.

மின்சாரத்தில் பாதித் தொல்லை பிறகு சேர்த்த சாமான்களால் வருவது. ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பேட்டரியும் சார்ஜிங்கும் நலம். கூடுதல் விளக்குக்கும் யு.எஸ்.பி. சார்ஜருக்கும் சாவியோடு அணையும் ரிலேயும், பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸும் வேண்டும். சார்ஜிங் ரெகுலேட்டரின் ஒயர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் பின் தளர்ந்து சூடாகிறது, அடுத்தது உருகல்தான்.

இன்ஜினுக்கு வருவோம். கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் வண்டிகளில் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான தரக்குறியீடான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்ட ஆயில் மட்டும்; வழுக்கும் சேர்க்கை உள்ள கார் ஆயில் கிளட்சை நழுவவிடும். காற்றில் குளிரும் இன்ஜின் நெடுஞ்சாலை வேகத்தில் ஆயில் குடிக்கும், 500 கி.மீ.க்கு ஒருமுறை வண்டியை நிமிர்த்தி அளவு பாருங்கள். டேப்பட்டில் (வால்வை அழுத்தும் பகுதியில்) சத்தம் வருகிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். சத்தம் மெல்ல மறைந்தால்தான் பார்க்க வேண்டும்: எக்சாஸ்ட் வால்வு உட்கார்ந்து இடைவெளி குறைந்தால் வண்டி அமைதியாகும், வால்வு சரியாக மூடாமல் எரியத் தொடங்கும்.

ஓட்டுபவருக்கும் பராமரிப்பு உண்டு. ஹெல்மெட்டுக்குள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் காற்றிரைச்சல் காதைக் கெடுக்கப் போதுமானது, மாலைக்குள் ஆளையும் களைக்க வைக்கும். நுரை காதடைப்பான் போடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். மழையின் முதல் பத்து நிமிடம்தான் சாலை மிக வழுக்கும், அப்போது ஒதுங்கி நில்லுங்கள்.

கருவிப் பையைச் சோதிக்க ஒரே வழி, வீட்டிலேயே அந்தப் பையை மட்டும் வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது. வண்டியோடு வரும் செட்டில் 24, 27 அல்லது 32 மி.மீ. ஆக்சில் நட்டுக்கு ஸ்பேனர் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், 100 நியூட்டன் மீட்டரில் இறுகிய நட்டை அந்தக் குட்டைக் கைப்பிடி அசைக்காது. அது சாலையோரத்தில் தெரியவருவதைவிட வீட்டு வாசலில் தெரியவருவது மேல்.