திருகோணமலையில் நரம்பியல் டொக்டரைத் தேடுகிறவர்களுக்கு: சித்தப்பாவைக் காட்டிய சனலிங் சென்டர்

டவுனில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, பார்மசிக்கு மேல்மாடியில் இருக்கிறது. கட்டடத்தைப் பார்த்தால் நம்பிக்கை வராது. படி ஒடுக்கம், லிஃப்ட் இல்லை, கதிரையும் காணாது. இருந்தாலும் கிழமைக்கு ஒருநாள் அங்கே வருகிற நரம்பியல் டொக்டருக்காகவே முழுப் புள்ளி கொடுக்கிறேன்.

சித்தப்பாவுக்கு விடாத தலையிடி, காலையில் சத்தி, பிறகு வலிப்பும் வந்தது. முதலில் காட்டிய இடத்தில் சிடி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிந்ததை இரத்தக் கசிவு என்றார்கள், அப்புறம் காசநோயால் வந்த மூளைக்காய்ச்சல் என்று குளிசை தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, கடைசியில் தெரியவந்த நோய், மூளையை மூடிய சவ்வில் வந்த மெலனோமா என்ற புற்றுநோய், அந்த இரண்டையும் போலவே காட்டுமாம்.

இந்த டொக்டர் ரிப்போர்ட்டை ஒருபக்கம் வைத்துவிட்டு எம்ஆர்ஐ சீடியைத் தானே போட்டுப் பார்த்தார். எம்ஆர்ஐயில் டி1, டி2 என்று இரண்டு வகைப் படம். ஊசி மருந்து ஏற்றமுதல் எடுத்த டி1 படத்திலேயே மூளையை மூடிய சவ்வு பளிச்சென்று வெள்ளை, டி2 படத்தில் அதே இடம் கறுப்பு. தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் இருந்தால் இப்படித் தெரியும், பழைய இரத்தமும் சிலவேளை இப்படிக் காட்டும் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார். அந்த மெலனினை உண்டாக்குகிற கலங்கள் சவ்விலும் இருக்கின்றன, அந்தக் கலங்களில் வருகிற புற்றுநோயான மெலனோமா அங்கேயே தொடங்கலாம், ஆனால் அது மிக அரிது, பெரும்பாலும் தோலில் தொடங்கிப் பரவியதுதானாம். உடனே சேட்டைக் கழற்றச் சொல்லி முதுகு, தலைமயிருக்குள், உள்ளங்கால், கால்விரல் இடுக்கு, நகம் எல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் பின்பக்கத்தைச் சோதிக்கக் கண் டொக்டருக்கும் கடிதம் தந்தார்.

முதுகில் ஊசி போட்டு எடுத்த முள்ளந்தண்டு நீரில் முதல் தடவை ஒன்றும் அகப்படவில்லை. அதோடு விடாமல் திரும்ப எடுக்க வைத்தார், சந்தேகமான கலங்கள் கிடைத்தன. கொழும்பில் சதைத்துண்டு எடுத்து மெலனோமா கலங்களை அடையாளம் காண உதவும் எச்எம்பி-45, எஸ்100 பரிசோதனைகள் செய்தபிறகுதான் மெலனோமா என்று உறுதியானது. ஜிஎன்ஏகியூ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது, தோல் மெலனோமாவில் அடிக்கடி காணும் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இல்லை. தோலிலும் கண்ணிலும் எதுவும் இல்லாததால் சவ்விலேயே தொடங்கியது என்று முடிவு செய்தார்கள்.

பொல்லாத நோய், அதை அவர் மறைக்கவில்லை. சின்னம்மா கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்க, வெளியே ஆட்கள் காத்திருந்தும் முகம் சுளிக்காமல் தமிழிலேயே பதில் சொன்னார்.

நம்பர் எடுக்க நேரில் போங்கள், ஃபோன் எடுக்கமாட்டார்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பழைய ஸ்கேன் சீடி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.