பால்கனியில் மூலிகைச் சுவர் அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

சென்னையில் வீட்டுக்கே வந்து வெர்டிகல் கார்டன் போட்டுத் தரும் ஒருவரிடம் 14,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி விளம்பரங்கள் நிறைய வருவதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வந்தவர் பேச்சில் குறையே இல்லை. துருப்பிடிக்காத ஸ்டாண்ட், தானாக நீர் விடும் டிரிப், ரோஸ்மேரி, தைம், புதினா, கொத்தமல்லி, எல்லாவற்றுக்கும் ஒரு வருட வாரண்டி. "தினமும் பறிச்சு சட்னி அரைக்கலாம் மேடம்" என்றார். பில் கேட்டதற்கு வாட்ஸப்பில் மொத்தத் தொகையை மட்டும் டைப் செய்து அனுப்பினார். முக்கால்வாசிப் பணம் முன்பணமாகப் போனது.

எங்களுடையது மேற்குப் பார்த்த பால்கனி. ஏப்ரல் கடைசி வெயிலில் அங்கே கொத்தமல்லியையும் தைமையும் வைத்தவருக்குச் செடியைப் பற்றித் தெரியவில்லையா, தெரிந்தேதான் வைத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். ரோஸ்மேரிக்கு மண் காய்ந்து காய்ந்து நனைய வேண்டும். புதினாவுக்கு ஈரம் விடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே டியூபில் ஒரே நேரத்துக்குத் தண்ணீர். அதுவும் மேல் வரிசையில் சொட்டுச் சொட்டாக, கீழ் வரிசையில் ஓடையாக. தொட்டிகளின் அடியில் ஓட்டையே கிடையாது. அப்புறம் கீழ்வீட்டு அக்கா, காயப்போட்ட துணி மேல் காவித் தண்ணீர் வழிகிறது என்று மேலே ஏறி வந்துவிட்டார்.

பட்டுப்போன ரோஸ்மேரியைப் பிடுங்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நர்சரியில் வாங்கிய கறுப்பு பாலித்தீன் கவரைக்கூடப் பிரிக்காமல் அப்படியே தொட்டிக்குள் இறக்கி, மேலாகக் கோகோபீட்டை, அதாவது தென்னை நார்க்கழிவுத் தூளை, தூவியிருக்கிறார். கவருக்குள்ளேயே வேர் சுற்றிச் சுற்றி நூல்கண்டாகக் கிடந்தது. மற்றவற்றையும் தோண்டிப் பார்த்தேன், எல்லாமே அப்படித்தான். மண் என்று பேருக்குக்கூட ஒரு பிடி இல்லை. கழுவாத தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும்; இலை நுனி முதலில் கருகும். அந்தக் கோகோபீட்டை ஒரு வாளியில் ஊறவைத்தேன், தண்ணீர் கடுங்காபி நிறத்துக்கு வந்தது.

ஸ்டாண்டும் முதல் மழையிலேயே வெல்டிங் வைத்த இடங்களில் துருவேறியது. வாரண்டி கேட்டால், "செடி உயிருள்ள பொருள் மேடம், அதுக்கெல்லாம் வாரண்டி வராது" என்கிறார். சரி, ஸ்டாண்டுக்கு? அதற்கு ப்ளூ டிக் மட்டும்தான் வருகிறது, பதில் வருவதில்லை.

இந்த வேலைக்கு ஆள் தேவையே இல்லை என்பதுதான் கடுப்பு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலை ஒன்று, கொக்கி வைத்த தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓட்டை, கீழே தண்ணீர் பிடிக்க ஒரு தட்டு. செம்மண், மட்கிய உரம், நன்றாகக் கழுவிய கோகோபீட் மூன்றையும் கலந்துகொள்ளலாம். சென்னை வெயிலுக்குக் கற்பூரவல்லி, துளசி, திருநீற்றுப்பச்சிலை தாங்கும். கற்பூரவல்லிக்கு ஒரு குச்சி போதும், பக்கத்து வீட்டில் கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். புதினாவைக் கீழ் வரிசையில் நிழலாக வைத்துவிடுங்கள். கொத்தமல்லியை நாற்றாக வாங்கவே வேண்டாம். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் சரியாக வராது. மழைக்காலம் முடிந்ததும் தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக்கித் தூவினால் போதும்.

ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், வாரண்டி எதற்கு என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு செடியையாவது உங்கள் கண்ணெதிரே கவரைக் கிழித்து நடச் சொல்லுங்கள்.

நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாட்ஸப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில் விளம்பரம் செய்கிறார். முதல் நாள் எடுத்த எங்கள் பால்கனிப் படத்தையே போட்டிருக்கிறார்: பச்சைப் பசேலென்ற சுவர், வலது ஓரத்தில் எங்கள் வாஷிங் மெஷின், மேலே ஒரு நீலத் துண்டு. அந்தப் படத்தை நம்பி யாரும் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.