மார்கழியில் கோல்ஃப்: ஊட்டி ஏறுவதா, செட்டிபாளையத்திலேயே ஆடுவதா?

நவம்பர் பிறந்ததும் என் மச்சினனிடமிருந்து போன் வந்துவிடும். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறான். அந்த மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஆடும் ஆட்டத்தின் ஸ்கோரை ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) கணக்கில் சேர்ப்பதில்லை. மைதானங்கள் பனியில் மூடிக்கிடக்கும் காலம் அது. அங்கே பலரும் நாலு சுவருக்குள் திரையைப் பார்த்து அடிக்கும் சிமுலேட்டரை வைத்துக்கொண்டுதான் அந்த ஐந்து மாதத்தை ஓட்டுகிறார்கள். இவன் மார்கழி பிறந்ததும் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு என் ஊரான பல்லடத்துக்கே வந்துவிடுவான். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஆட்டம் உண்டு. அதனால் முறைப்படி மதிப்பீடு செய்த மைதானம் எதில் ஆடினாலும், அந்த ஸ்கோரை அவன் தன் கணக்கில் பதிந்தாக வேண்டும்.

"மச்சான், இந்தத் தடவை எங்க ஆடலாம்? மலையா, கீழயா?" இதுதான் ஒவ்வொரு வருடமும் அவன் கேட்கும் முதல் கேள்வி.

இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஒரு குளிர்காலம் முழுக்க வாரம் விட்டு வாரம் ஊட்டிக்கு ஏறினோம். அடுத்த குளிர்காலம் கோவையை ஒட்டிய செட்டிபாளையத்தைவிட்டு நகரவில்லை. என் பதில் செட்டிபாளையம். ஏன் என்று சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். இரண்டுமே 18 ஹோல், அதாவது 18 குழி உள்ள மைதானங்கள். ஊட்டி மைதானம் நூறாண்டைத் தாண்டியது. ஏற்றமும் இறக்கமுமாக, சுற்றிலும் மரங்களோடு இருக்கும் அந்த அழகுக்குக் கோவையில் ஈடு கிடையாது. செட்டிபாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' கார் பந்தயத் தடம்தான் ஞாபகம் வரும். கோயமுத்தூர் கோல்ஃப் கிளப் இருப்பதும் அதே ஊர்தான். உறுப்பினர் அல்லாதவர்கள் இரண்டு இடத்திலும் முன்கூட்டியே போன் செய்து, விருந்தினர் விதிகளையும் கிரீன் ஃபீ என்ற ஆட்டக் கட்டணத்தையும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், வார நாளுக்கும் ஞாயிறுக்கும் வித்தியாசம் இருக்கலாம். அதை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை.

முடிவு செய்தது பனி. அதாவது, காலையில் முதல் பந்தை எத்தனை மணிக்கு அடிக்க முடியும் என்பது.

ஊட்டியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கி நிற்கும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடப்பது அதனால்தான். கோல்ஃப் மைதானத்திலும் ஃபேர்வே எனும் நீண்ட புல்வெளிகள் இறங்கும் பள்ளங்களில் இதேதான் நடக்கிறது.

அந்த வெள்ளைப் புல்லின் மேல் கால் வைக்கக் கூடாது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்திருக்கும்போது மிதித்தால் அதன் செல்கள் உடைந்துவிடும். அந்த நிமிடம் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு ஒவ்வொரு காலடித் தடமும் கருகித் தெரியும். அதிலும் கிரீன் என்பது குழியைச் சுற்றி மூன்று, நாலு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டிய புல். அதில் பத்துப் பேர் நடந்து போனால் அந்தத் தடங்கள் மறையப் பல நாளாகும், ஏனென்றால் குளிரில் புல் வளர்வதே மெதுவாகத்தான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் புல்வெளி கருகாமல் இருக்க அதிகாலையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டக்காரர்களுக்கும் இந்த மாதங்களில் இதே கவலைதான்.

நாங்கள் முதல் தடவை ஏறியபோது இதெல்லாம் தெரியாது. பல்லடத்தில் அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி ஏழு மணிக்கு மேலே போய் நின்றோம். எங்கள் கூட மட்டைப் பையைத் தூக்கி வந்த கேடி (caddie), வயதானவர், கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் பொறுங்க சார், வெயில் புல்லுல இறங்கட்டும். இப்ப மிதிச்சா அத்தனை தடமும் கருகி நிக்கும்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குளிர் உள்ள ஊர்களில் பல மைதானங்களிலும் இதுதான் நடைமுறை. நாங்கள் முதல் பந்தை அடிக்கும்போது ஒன்பதரை ஆகிவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நடந்து ஆடினால் 18 ஹோலுக்கு நாலரை மணி நேரம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடியும். சாப்பிட்டுவிட்டு இறங்கினால் வீடு வர இருட்டிவிடும். நாலரை மணி நேர ஆட்டத்துக்குப் பதினைந்து மணி நேரம் செலவு. செட்டிபாளையத்துக்கு நான் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறேன். ஜனவரியில் சூரியன் உதிப்பதே ஆறே முக்காலை ஒட்டித்தான்; வெளிச்சம் வந்ததும் முதல் பந்து. பதினொன்றேகாலுக்கு ஆட்டம் முடிந்து, பன்னிரண்டு மணிக்கு என் தறிக்குடோனில் இருப்பேன். சனிக்கிழமை வாரக்கூலி போடுகிற நாளில்கூட இது நடக்கும். தொழில் செய்துகொண்டே ஆடுகிற ஆளுக்கு இதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை.

முந்தின நாளே போய்த் தங்கினால் என்ன என்று கேட்கலாம். தங்கிப் பார்த்தோம். தூக்கம் கெடவில்லை, ஆனால் ஏழு மணிக்கு அதே வெள்ளைப் புல்லைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில்தான் நின்றோம். சரி, காலை ஆறு மணிக்கு நிதானமாகக் கிளம்பிப் பத்து மணிக்கு ஆடத் தொடங்கலாம். ஒரே நாளில் போய்வர அதுதான் உருப்படியான வழி. ஆனால் திரும்பும்போது பொழுது சாய்ந்து, மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, யானை குறுக்கிடும் கல்லாறைத் தாண்டி வர வேண்டும். எனக்கு அந்தச் சாலையில் இருட்டில் ஓட்டப் பிடிக்காது. 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும். அது சில நிமிட வேலைதான், மறக்காமல் இருந்தால் போதும்.

உறைபனி தினமும் விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேகம் மூடிய இரவில் விழாது, போன உடனே ஆடலாம். சிக்கல் என்னவென்றால் முந்தின நாள் இரவு பல்லடத்தில் இருந்துகொண்டு அதைக் கணிப்பது கடினம். செல்போனில் 4 டிகிரி என்று காட்டும். அது தரைக்கு மேலே, ஆள் உயரத்தை ஒட்டி இருக்கும் காற்றின் வெப்பம். புல் மட்டத்தில் அப்போது பூஜ்யத்துக்கே போயிருக்கும். அதை நம்பி ஒரு தடவை ஏமாந்த பிறகு, 4, 5 டிகிரியும் தெளிந்த வானமும் என்றாலே உறைபனி என்று எடுத்துக்கொள்கிறேன்.

கீழேயும் பனி உண்டு. மார்கழிக் காலையில் செட்டிபாளையத்தில் முதல் ஆறு ஹோல் முடிவதற்குள் ஷூ நனைந்துவிடும். கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டிப் பட் அடித்தால் பந்து நீரைத் தெறித்துக்கொண்டு போய், குழிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிடும். ஆனால் அது பனித்துளி. மிதித்தால் புல்லுக்கு ஒன்றும் ஆகாது. எட்டரை மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். இதில் ஒரு விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஹோலுக்கும் முதல் பந்தை அடிக்கும் டீ (tee) இடத்தில் பனித்துளியைத் துடைக்கலாம், ஆனால் கிரீனில் பந்து போகும் பாதையில் இருக்கும் பனித்துளியைத் துடைத்துவிட்டுப் பட் அடிக்கக் கூடாது. உறைபனிக்கும் அதே விதிதான். என் மச்சினனே இதில் ஒரு தடவை தடுமாறினான். காலையில் ஆடுகிறவர்கள் துண்டு இரண்டும் மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடியும் பையில் வைத்திருந்தால் நல்லது.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பமான ஊர் மைதானங்களில் பெர்முடா என்று சொல்வது வேறொன்றும் இல்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் இனம்தான். மண் குளிர்ந்தால் அது பழுப்பேறித் தூங்கிவிடும். கோவையில் ஜனவரி இரவுகூடப் பெரும்பாலும் 18 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது, பகலில் 30 வரை போகிறது. அதனால் இங்கே புல் தூங்குவதில்லை. கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழை குடித்துவிட்டு வரும் மார்கழியில் தரை ஒரு மெத்தை மாதிரி இருக்கும். என் கணக்கில் வருடத்திலேயே கோவை மைதானம் மிக நன்றாக இருப்பது மார்கழிப் பாதியிலிருந்து மாசி வரைதான். நீலகிரியில் பரவிக்கிடக்கும் கிக்கூயூ புல்லோ உறைபனி பட்டுப் பழுப்பாகிவிடுகிறது. ஊட்டியைப் பச்சையாகப் பார்க்க வேண்டுமானால் வேறு மாதத்தில் போங்கள்.

ஊட்டிக்குச் சாதகமாக ஒன்று: பந்து தூரம் போகும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், கோவை 411 மீட்டர். மெலிந்த காற்றில் சுமார் ஏழு சதவீதம் கூடுதலாகப் பறக்கும் என்பது பொதுவான கணக்கு. கோவையில் அயர்ன் மட்டையால் அடித்து 150 கஜம் போகும் பந்து மேலே 160 போகும். குளிரில் பந்து இறுகிவிடுவதால் அதில் கொஞ்சம் திரும்பப் போய்விடும். எனக்கு நிகரமாக ஏழெட்டு கஜம்தான் தேறியது. அதற்காகப் பந்தைச் சூடுபடுத்தி அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெரிந்தே சூடாக்கிய பந்தை ஆட்டத்தில் அடித்தால் போட்டியிலிருந்தே விலக்கிவிடுவார்கள்.

மற்ற இடங்களில் எனக்கு அனுபவம் குறைவு. குன்னூர் அருகே உள்ள வெலிங்டன் ஜிம்கானா 1873-இல் தொடங்கிய கிளப், ராணுவத்தோடு சேர்ந்தது. அங்கே ஒரே ஒரு முறை, நண்பர் ஒருவரின் விருந்தினராக ஆடினேன். இதமான குளிர், ஊட்டி அளவுக்குப் பனி இல்லை. ஆனால் குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் மலை ரயிலை நிறுத்துவதும் அடிக்கடி நடப்பதுதான். டிசம்பர் பாதிவரை அந்தப் பக்கம் திட்டம் போட மாட்டேன்.

கொடைக்கானல் 1895-இல் தொடங்கிய மைதானம், காட்டுமாடுகள் ஃபேர்வேயிலேயே மேயும். தாராபுரம், பழநி வழியாக ஏற வேண்டும். தைப்பூசத்தை ஒட்டி அந்தச் சாலை முழுக்கப் பழநிக்கு நடந்து போகும் பக்தர்கள். அவர்களுக்கு நடுவே அதிகாலை இருட்டில் கார் ஓட்டுவது சரியில்லை என்பது என் எண்ணம். உறைபனி அங்கேயும் உண்டு. நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டியும் ஒரு மைதானம் இருக்கிறது. கொச்சியில் வேலை இருந்தால் சேர்த்து ஆடலாம், ஆட்டத்துக்கென்றே பாலக்காட்டைத் தாண்டிப் போகத் தேவையில்லை. மொட்டை மாடியில் வலை கட்டி அடிப்பது மழை நாளுக்கு மட்டும்.

கொங்கு நாட்டுக் குடும்பஸ்தருக்கு இன்னொரு வசதி உண்டு. மார்கழியில் கல்யாணம், வீடு குடிபுகுதல் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மொய்க்கவரோடு மண்டபம் மண்டபமாக ஓட வேண்டியதில்லை. தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். ஆகவே இந்த மாதத்தில் தொடர்ந்து நாலு ஞாயிறு கையில் கிடைக்கிறது, அதுவும் கோவைத் தரை மிக நன்றாக இருக்கும் சமயத்தில். இந்த வருடமும் நாலையும் செட்டிபாளையத்துக்கே எடுத்துவைத்திருக்கிறேன்.

ஊட்டியை அடியோடு விட்டுவிட மனம் வரவில்லை. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியில் ஒரு வார நாளாகப் பார்த்துப் போகிறோம். முந்தின இரவே தங்கல், பத்தரை மணிக்கு ஆட்டம். மச்சினனிடம் சொன்னபோது, "அதுவரைக்கும் காலைல என்ன மச்சான் பண்றது?" என்றான். அதற்குப் பதில் அவன் அக்கா சொல்லிவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் உறைபனியைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம். ஏழு மணிக்கு அவளை அழைத்துக்கொண்டு தலைகுந்தா போகிறோம்.