பாட்டியின் வெண்ணெய் கேக்: 11 வருடம் செய்து பார்த்த பிறகு

எங்கள் வீட்டுக் கேக்குக்குத் தனிப் பெயர் கிடையாது, கேக் என்றால் அதுதான். க்ரீம் இல்லை, நடுவில் ஜாம் இல்லை, மேலே ஒரு செர்ரிகூட இல்லை. பாட்டி செய்தார், அப்புறம் அம்மா, கடந்த 11 வருடமாக நான். மாதம் ஒன்றாவது செய்திருப்பேன், அதனால் இதைப் பற்றி நல்லதும் பொல்லாததும் சொல்லும் அளவுக்குத் தின்றும் தீய்த்தும் ஆயிற்று.

என் கைக்கு வந்தது நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். மொத்தம் ஏழு வரி. நீலக் கப்பில் வெண்ணெய் ஒன்று, சர்க்கரை ஒன்று, மைதா ஒன்றரை, முட்டை நான்கு, பேக்கிங் பவுடர் ஒரு சின்ன ஸ்பூன், வெனிலா. அதற்குக் கீழே "கை ஓயும் வரை அடிக்கவும்" என்று ஒரு வரி. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்றெல்லாம் எதுவும் இல்லை, "வாசனை வந்ததும் பார்" என்று மட்டும் இருந்தது. நீலக் கப்போ அம்மா வீட்டில்.

முதல் இரண்டு வருடம் எனக்கு வந்தது கேக் இல்லை, செங்கல். 240 மில்லி அளவு கப்பை வைத்துக்கொண்டு மைதா பாக்கெட்டுக்குள் விட்டு அள்ளுவேன், அதுதான் தப்பு என்று அப்போது தெரியாது. ஸ்பூனால் மெதுவாகப் போட்டு நிரப்பினால் ஒரு கப் மைதா 120 கிராம் போல இருக்கும், அமுக்கி அள்ளினால் 150ஐத் தொட்டுவிடும். ஒன்றரைக் கப்புக்கு 45 கிராம் வித்தியாசம், இந்த அளவு சின்னக் கேக்கைக் கெடுக்க அது தாராளம்.

பிறகு ஒருநாள் தராசைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய், அவர் நிரப்புகிற மாதிரியே நீலக் கப்பை நிரப்பச் சொல்லி எடை போட்டேன். வெண்ணெய் 210, சர்க்கரை 190, மைதா 195, ஓடு நீக்கிய முட்டை நான்கும் சேர்ந்து 200. அதாவது நான்கும் ஏறக்குறைய சம எடை! 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு போட்டுச் செய்த பவுண்டு கேக்தான் இது, பிரெஞ்சுக்காரர்கள் இதையே நான்கு கால் பங்கு என்ற பொருளில் கத்ர் கார் என்கிறார்கள். குடும்ப ரகசியம் என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது உலகத்துக்கே தெரிந்த கணக்கு. அம்மாவிடம் சொன்னேன். "பவுண்டு கேக் வேற, நம்ம கேக் வேற" என்று முடித்துவிட்டார். ஒரு விதத்தில் அவர் சொன்னதும் சரிதான், அந்தப் பழைய கேக்கில் பேக்கிங் பவுடர் கிடையாது, 1843இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் செய்த பிறகுதான் அப்படி ஒரு பொருளே வந்தது.

அன்றிலிருந்து என் முறை மாறிவிட்டது. முதலில் முட்டையை உடைத்து எடை பார்ப்பேன், அது 190 வந்தால் மற்ற மூன்றும் 190, 215 வந்தால் மற்றவையும் 215. முட்டை ஒரே அளவில் கிடைக்காது என்பதால் இதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

"கை ஓயும் வரை" என்பதுதான் இந்தக் குறிப்பிலேயே முக்கியமான வரி, நான் ரொம்ப நாள் கிண்டல் செய்ததும் அதைத்தான். பேக்கிங் பவுடர் புதிதாகக் காற்றுக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை, வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போது உள்ளே சிக்கிய குமிழிகளைப் பெரிதாக்குவது மட்டும்தான் அதன் வேலை, ஆக அடிப்பதில் சோம்பல்பட்டால் இன்னொரு ஸ்பூன் பவுடர் போட்டு ஈடுகட்ட முடியாது (போட்டுப் பார்த்தேன், பொங்கி எழுந்து நடுவில் குழி விழுந்தது). பாட்டிக்குக் கையால் அரைமணி நேரம் ஆகுமாம், மின்சார பீட்டரில் ஐந்து நிமிடம். வெண்ணெய் மஞ்சள் நிறம் போய் வெளுத்து, பஞ்சு மாதிரி ஆக வேண்டும். அடிக்கத் தொடங்கும் முன் வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் எண்ணெய்ப் பளபளப்பு வரக்கூடாது, அதாவது 18 முதல் 20 டிகிரி. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. அவசரத்தில் மைக்ரோவேவில் வைத்து உருக்கிய நாளெல்லாம் பழைய செங்கல் கதைதான்.

முட்டை ஃப்ரிட்ஜ் குளிரோடு போனால் கலவை திரிந்த மாதிரி ஆகிவிடும். பயப்பட வேண்டாம், அளந்து வைத்த மைதாவிலிருந்தே ஒரு ஸ்பூன் போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும். மீதி மைதாவைப் போட்ட பிறகு பீட்டர் பக்கமே போகாதீர்கள், கரண்டியால் வெள்ளை மறையும் வரை மட்டும் கிளறினால் போதும், அதற்கு மேல் கிளறினால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

டின் விஷயம் சுருக்கமாக. 200 கிராம் கணக்குக்கு 8 அங்குல வட்ட டின் சரி. 9 அங்குலத்தில் ஊற்றினால் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும், கேக் தட்டையாகி அதே நேரத்தில் வறண்டும் போகும். கறுப்பு டின் என்றால் ஓரம் சீக்கிரம் கருகும்.

ஓவன் பற்றி ஒரு புலம்பல். 180 என்று திருகினால் உள்ளே 200க்கு மேல் காட்டுகிறது என்பதை, உள்ளே வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன். அதுவரை ஒவ்வொரு கேக்கும் மேலே எரிமலை மாதிரி வெடித்ததற்குப் பாட்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையான 170, ஏறக்குறைய 50 நிமிடம், முதல் அரைமணி நேரம் கதவைத் திறப்பதே இல்லை. ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, பாட்டி சொன்ன வாசனை உண்மையிலேயே சரியாக வேலை செய்கிறது, வாசனை கூடத்துக்கு வந்து ஐந்தாறு நிமிடத்தில் குச்சி சுத்தமாக வெளியே வருகிறது.

குறை என்று பார்த்தால் இனிப்புதான். சர்க்கரையை 200இலிருந்து 150 ஆக்கினேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. தைரியம் வந்து 100 ஆக்கினேன், வெளிறிப்போய், மறுநாளே உதிர்ந்து கொட்டியது. கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சர்க்கரைதான் என்பதால் 150இலேயே நின்றுவிட்டேன்.

சுட்ட அன்றைவிட மறுநாள்தான் ருசி, இதில் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. மூடிய டப்பாவில் வெளியே வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப்போகும், மிச்சம் அதிகமென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைப்பது மேல்.

வெண்ணெயில் கால் பங்கை மட்டும் எண்ணெயாக மாற்றிப் போன வாரம் ஒன்று செய்தேன். மூன்றாம் நாளும் மெத்தென்று இருந்தது. அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு "இதுதான் பாட்டி கை" என்றார். இன்னும் சொல்லவில்லை.