குறிகட்டுவானில் பஸ்ஸும் லோஞ்சும்: வாகனம் இல்லாமல் தீவுப்பகுதி சுற்றிய அனுபவம்

கூடப் படித்தவள் ஒருத்தி கனடாவில் இருக்கிறாள். வருகிற ஆவணியில் அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறாளாம். "நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, காரைநகர் நாலும் பார்க்கவேணும். வாடகைக்கு வான் பிடிக்கிறதோ, நீ போறமாதிரி பஸ்ஸில போறதோ?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள அந்தத் தீவுப்பகுதியில் வருடக்கணக்காக பஸ்ஸிலும், ஆட்களை ஏற்றும் மோட்டார் படகான லோஞ்சிலும் திரிகிறவள் நான். சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில் தொடங்கிய பழக்கம் இது. முதலில் வரிசை, பிறகு கியூஆர் பங்கீடு. கிடைத்த சொற்பத்தை வேலைக்குப் போய்வர வைத்துக்கொண்டு, கோவிலுக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் பஸ் ஏறினேன். தட்டுப்பாடு முடிந்து ஸ்கூட்டி திரும்ப ஓடத் தொடங்கியது. ஆனால் தீவுப்பகுதிக்கு மட்டும் அதை எடுக்க இன்றுவரை மனம் வரவில்லை.

காரணம் பட்டணத்தையும் தீவுப்பகுதியையும் இணைக்கும் பண்ணைப் பாலம். ஸ்கூட்டியில் போனால் எதிர்க்காற்றும் முன்னால் வரும் டிப்பரும்தான் கண்ணில் நிற்கும். பஸ்ஸில் யன்னல் கரைச் சீற் கிடைத்துவிட்டால், பட்டணம் முடிந்த கையோடு இரண்டு பக்கமும் கடல். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆட்கள் நடந்து போய் வலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். தடி நட்டுக் கட்டிய வலைகளில் தடிக்கொரு பறவை குந்தியிருக்கும். அப்புறம் மண்டைதீவுச் சந்தி, வேலணை, திரும்பவும் கடலுக்கு நடுவே ஒரு நீண்ட வீதி, புங்குடுதீவு. பூட்டிய கேற்றுகள், முற்றம் நிறையப் பற்றை, நடுவே புதுப் பெயின்ற் அடித்த கோவில். யாழ்ப்பாணத்தில் இருந்து, லோஞ்ச் வெளிக்கிடும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு அது நீளமாகத் தெரிந்ததே இல்லை.

இந்த பஸ் ஆட்களை மட்டும் ஏற்றுவதில்லை. பட்டணத்தில் யாரோ ஒரு மருந்துப் பையைக் கொண்டக்டரிடம் கொடுத்துப் பெயரைச் சொல்வார்கள். வேலணை தாண்டி ஒரு ஒழுங்கை முகப்பில் பஸ் வேகத்தைக் குறைக்கும், ஒரு கை நீளும், பை போய்விடும். இருவரும் ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்கள். பாண், மோட்டருக்குரிய பெல்ற், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் இப்படித்தான் தீவுக்குப் போகின்றன. வானுக்குள் ஏசி போட்டுக்கொண்டு போகிறவர்கள் தீவைப் பார்க்கலாம். தீவு எப்படி நடக்கிறது என்பதை இந்த பஸ்ஸில்தான் பார்க்கலாம்.

வான் வைத்திருப்பவர்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பாலம் கிடையாது. எவ்வளவு பெரிய வான் பிடித்தாலும் அது குறிகட்டுவானில் வெயிலில் நிற்கும், நீங்கள் எங்களோடுதான் லோஞ்சில் ஏறுவீர்கள். அதே உயிர்காப்பு அங்கி, அதே டீசல் மணம், தலை இடிக்கிற அதே தாழ்ந்த கூரை. ஆக, வானுக்குக் கொடுக்கும் காசு தரைவழிப் பகுதிக்கு மட்டும்தான்.

சரி, நேரத்துக்கு வருவோம். இந்த பஸ்களின் நேரத்தைப் புரிந்துகொள்ள, அவை யாருக்காக ஓடுகின்றன என்று தெரிய வேண்டும். பட்டணத்தில் வீடு, தீவில் வேலை என்றிருக்கும் ஆசிரியர்கள், தாதிமார், அலுவலக உத்தியோகத்தர்கள் காலையில் போகிறார்கள், பின்னேரம் திரும்புகிறார்கள். தீவுக்காரர் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் காலையில் பட்டணம் வருகிறார்கள். முழு ஒழுங்கும் இவர்களைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது, அதுதான் நியாயமும். பள்ளிக்கூட நாள் காலையில் குறிகட்டுவானுக்கு ஓடும் 776 பஸ்ஸில் அவர்களோடு போனால் எல்லாம் தானாக நடக்கும். இறங்கினால் லோஞ்ச் நிற்கும், ஏறினால் வெளிக்கிடும். நான் எத்தனையோ பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கிழமை முடிவிலும் பள்ளிக்கூட விடுமுறையிலும் கதை வேறு. போயா என்கிற பௌர்ணமி நாட்களில் தெற்கில் இருந்து பெரிய பெரிய பஸ்களில் நயினாதீவு நாக விகாரைக்கு யாத்திரிகர் வந்து இறங்குவார்கள், இறங்குதுறை நிரம்பி வழியும். ஆனியில் அங்கே நாகபூசணி அம்மன் கோவில் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். திருவிழாக் காலத்தில் கூட்டம் இருந்தாலும் கூடுதல் பஸ்ஸும் லோஞ்சும் ஓடுவதால் சமாளிக்கலாம். சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மோசம்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். போகும்போது அவ்வளவு அழகாகப் பொருந்துகிற பஸ்ஸும் லோஞ்சும் திரும்பும்போது பொருந்துவதில்லை. நயினாதீவில் இருந்து லோஞ்ச் வர இருபது நிமிடம் பிடிக்கும். பாதிக் கடலிலேயே கரையில் நிற்கும் பஸ் தெரிந்துவிடும். டிரைவர் ஏறுகிறார், புகை கக்குகிறது. லோஞ்சில் இருக்கும் எல்லோரும் எழும்பி நிற்கிறோம், பிள்ளை வைத்திருப்பவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார்கள். லோஞ்ச் அணைந்து கயிறு எறியும் நேரத்தில் பஸ் வளைந்து போய்க்கொண்டிருக்கும். உள்ளே பாதிச் சீற் காலி! அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் தேத்தண்ணிக்கடை ஐயா ஒரு நேரம் சொல்வார், கயிறு பிடித்த தம்பி இன்னொரு நேரம் சொல்வார், ஓட்டோக்காரர் "இனி இல்லை அக்கா" என்பார். போன மாதமும் இதுதான் நடந்தது. லோஞ்சில் வந்த வயதுபோன அம்மா ஒருவர் பேசாமல் சீமெந்துக் கட்டில் இருந்துகொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி அடுத்த பஸ் வரும்வரை வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளினிக் கொப்பி மடியில் இருந்தது.

பஸ் டிரைவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவருக்கும் நேரக் கணக்கு இருக்கிறது. பிந்தினால் பின்னால் வருகிற பஸ்காரர் சண்டைக்கு வருவார். லோஞ்ச்காரருக்குக் காற்றும் பார்க்க வேண்டும், ஆட்களும் சேர வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. தெரிந்த ஆட்களுக்கு இந்தத் தொடர்பு ஒழுங்காகவே வேலை செய்கிறது. ஒருமுறை பக்கத்தில் இருந்த தாதி ஒருவர் லோஞ்சில் இருந்தபடியே போன் எடுத்தார். "தம்பி, நாங்கள் வந்துகொண்டிருக்கிறம், எடுத்துப்போடாதையுங்கோ" என்றார். பஸ் நின்றது. நாங்கள் எல்லோரும் ஏறினோம், யாரும் குறை சொல்லவில்லை, பட்டணத்துக்குப் பிந்திப் போய்ச் சேரவும் இல்லை. ஐந்து நிமிடம் நிற்க முடிகிற பஸ்தான் அது. கொண்டக்டரின் நம்பர் தெரிந்த தாதி லோஞ்சில் இருந்தால் அந்தக் கிளினிக் கொப்பி அம்மாவுக்கும் பஸ் கிடைக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இறங்குதுறையில் பஸ் நேரமும் லோஞ்ச் நேரமும் எழுதிய ஒரு பலகை, கடைசி லோஞ்ச் கட்டும்வரை கடைசி பஸ் நிற்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு. இரண்டுக்கும் பெரிய காசு ஒன்றும் தேவையில்லை.

நயினாதீவில் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மத்தியானம் கோவிலின் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் இருக்கும். கோவிலும் விகாரையும் நடக்கிற தூரம். அரை நாள் போதும்.

நெடுந்தீவு அப்படியல்ல. கடலில் மட்டும் ஒரு மணி நேரம். தீவோ ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவு. மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோ பேசத்தான் வேண்டும், வானில் வந்தவருக்கும் அதே நிலைதான். முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) அடுக்கிய வேலிகள், கோட்டை, பெருக்க மரம் (பாவோபாப்), மட்டக் குதிரைகள் என்று ஒரே ஓட்டத்தில் காட்டிவிட்டுத் திரும்பும் லோஞ்சுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அது பார்த்ததில் சேராது. குதிரைகள் வெயில் தாழத்தான் ஆறுதலாக மேயும், அந்த நேரத்தில் நீங்கள் கடலில் இருப்பீர்கள். ஒரு இரவு தங்குங்கள். 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இறங்குதுறைக்குக் கிட்ட இருக்கிறது. அதே கடலால் வந்து இறங்குகிறவர்கள் ஓட்டோவைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு அங்கே போக வேண்டும். ஆவணியில் தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசும், கடல் தூக்கிப் போடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

இந்த வட்டத்தில் நான் திரும்பத் திரும்பப் போக ஆசைப்படும் இடம் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட அந்தச் சின்னக் கடல். பாதை என்று எங்கள் பக்கம் சொல்லும் மிதவை அங்கே ஓடுகிறது. சைக்கிள்காரர், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், சீருடையோடு பிள்ளைகள் எல்லோரும் ஒரே தட்டில் நிற்போம். இருக்கை தேடும் அவசரம் இல்லை. நடுக்கடலில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்தது, இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. கால் மணி நேரத்துக்குள் அக்கரை. தரைவழியாகப் போவதென்றால் பட்டணத்துக்குத் திரும்பி, வட்டுக்கோட்டை, பொன்னாலைப் பாலம் என்று சுற்ற வேண்டும். பாதை பழுதென்று நிற்கும் நாட்களும் உண்டு, வெளிக்கிட முதல் அங்கே உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. காரைநகரில் இறங்கி, கசூரினாக் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, பொன்னாலைப் பாலத்தால் பஸ்ஸில் பட்டணம் வந்தால் போன வழியைத் திரும்பப் பார்க்காமலே ஒரு வட்டம் முடியும். இதைவிட நல்ல பயணம் வடக்கில் எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவளுக்கு நான் எழுதிய பதில், வான் பிடி என்பதுதான். தனியாக வருகிறாய் என்றால், பள்ளிக்கூட நாளில் வருகிறாய் என்றால், ஒரு நொடி யோசிக்காமல் பஸ் என்றிருப்பேன். முழங்கால் வலியோடு அம்மா, அழுகிற பிள்ளை, விடுமுறை மாதம், பின்னேர லோஞ்ச், போய்விட்ட பஸ். அந்தச் சீமெந்துக் கட்டில் அவர்களை இருத்தி வைக்க என்னால் முடியாது. போன மாதக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதும் உண்மைதான்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். குறிகட்டுவானுக்கு வானில் போ. ஊர்காவற்றுறைக்குப் போகிற நாளில் வானை அங்கேயே அனுப்பிவிட்டு, பட்டணத்தைச் சுற்றிக் காரைநகர்க் கரையில் வந்து நிற்கச் சொல். நீங்கள் எல்லோரும் பாதையில் வாருங்கள்.